மாடி எழுமுன் மண் யாருடையதென்று சொல்லுங்கள்!

திருகோணமலை வளரப்போகிறதாம். இதனை ஒருவரல்லர், பலர் சொல்லுகின்றனர். 2017ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனத்திடம் இந்நகருக்கான பெருந்திட்டத்தை வரையும் பணி ஒப்படைக்கப்பட்டது. 2023 ஜூலை 21ஆம் நாள் புதுடில்லியில் இலங்கையும் இந்தியாவும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், தொழிலுக்கும் எரிசக்திக்கும் உரிய பிராந்திய மையமாகத் திருகோணமலை குறிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் நாள் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை ஆகிய மூன்று அரசுகளும் கூடி இங்கே எரிசக்தி மையம் அமைப்பதற்கு உடன்பாடு செய்தன. கொழும்பிலே ஆட்சிகள் மாறின, சனாதிபதிகள் மாறினர், திருமலையைப் பற்றிய கனவு மட்டும் மாறவில்லை. கனவு காண்பவர்களின் பட்டியலிலே திருமலை மக்களின் பெயர் இல்லை என்பதும் மாறவில்லை.

நாம் வளர்ச்சிக்கு எதிரிகளல்லர். உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை வாயிலிலே வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வேலை தேடிக் கத்தாருக்கும் கொழும்புக்கும் அனுப்பும் ஒரு நகரத்து மக்களுக்கு வளர்ச்சியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எமது கேள்வி வேறு. எத்தனை மாடி, என்ன நிறக் கண்ணாடி, எத்தனை அறை கொண்ட உல்லாச விடுதி என்பவை எல்லாம் பின்னர் பேச வேண்டியவை. முதலில் பேச வேண்டியவை இரண்டு. எந்த மண்ணிலே கட்டப்போகிறீர்கள்? யாரைக் கேட்டுக் கட்டப்போகிறீர்கள்? இவ்விரண்டுக்கும் விடை வராத வரையில், எவ்வளவு அழகிய வரைபடமும் எமக்கு ஒரு வெளியேற்றக் கட்டளையாகவே தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு எமக்கு நானூறு ஆண்டுக் காரணம் உண்டு.

கோயிற் கல்லில் எழுந்த கோட்டை

இந்நகரில் அந்நியர் எழுப்பிய முதற் பெருங்கட்டடம் எது? கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையே எடுத்து, 1620களில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. பின்னர் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் சென்றது. 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் பிரெட்றிக் கோட்டையாயிற்று. இன்றும் அடியார்கள் சுவாமிமலைக்குச் செல்வதானால் அந்தக் கோட்டை வாயிலைக் கடந்து, இராணுவம் நிலைகொண்டுள்ள நிலத்தின் ஊடாகவே செல்ல வேண்டும். இறைவனைக் காணப் போகிறவன் துப்பாக்கியைக் கண்டுவிட்டே போகிறான்.

ஆங்கிலேயர் கடற்படைத் தளம் அமைத்தனர். கப்பற் பட்டறை அமைத்தனர். சீனக்குடாவின் பின்னே ஏறத்தாழ 850 ஏக்கர் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகளை நட்டனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் குண்டு வீசியபோது ஒன்று அழிந்தது. இன்று 99 உள்ளன. ஒவ்வொரு தாங்கியும் பன்னீராயிரம் தொன் எண்ணெய் கொள்ளும். அவற்றுள் ஒரு துளி எண்ணெயேனும் தம்பலகாமத்து உழவனின் விளக்கை ஏற்றுவதற்காக நிரப்பப்பட்டதன்று. அவை பேரரசின் கப்பல்களுக்கானவை.

1948இல் சுதந்திரம் வந்தது என்றார்கள். 1957இல் ஆங்கிலக் கடற்படையும் போயிற்று. அவர்கள் விட்டுச் சென்ற நிலம் நகரத்துக்குத் திரும்பி வந்ததா? இல்லை. கடற்படை நிலம் கடற்படை நிலமாகவே இருந்தது. கொடி மட்டும் மாறிற்று. துறைமுகத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான ஏக்கர் காலப்போக்கில் துறைமுகங்கள் அதிகார சபையின் உடைமையாயிற்று. தாங்கிகள் 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்குக் குத்தகையாயின. 2022 ஜனவரியில் மறு உடன்பாடு எழுதப்பட்டு, 14 தாங்கிகள் அக்கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் பங்கிடப்பட்டன. பங்கு பிரித்தவர்கள் கணக்கிலே கெட்டிக்காரர்கள். 99இல் ஒன்றும் மிஞ்சாமல் பிரித்தார்கள். நகரத்துக்கு என்ன பங்கு என்று கேட்பதற்கு அந்த மேசையிலே ஒரு நாற்காலி இருக்கவில்லை.

போர்த்துக்கேயன் முதல் இன்றுவரை உடைமையாளர் மாறியிருக்கின்றனர், திட்டம் மாறவில்லை. கடலிலிருந்து வருகிறவனுக்குத் துறைமுகம், கொழும்பிலிருந்து வருகிறவனுக்கு நிலம், இங்கே பிறந்தவனுக்கு இடைவெளி. இதுவே அத்திட்டம். 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டை வேறெங்குமன்றித் திருமலையிலே கூட்டியதும், கூட்டாட்சிக் கோரிக்கையோடு குடியேற்றத்தை நிறுத்து என்ற கோரிக்கையையும் சேர்த்து வைத்ததும் இக்காரணத்தாலேயே. 1957 பெப்ரவரி 4ஆம் நாள் கருங்கொடி ஏற்ற முனைந்த திருமலை நடராசன் சுடப்பட்டு வீழ்ந்ததும் இந்நகரின் நடுவிலேயே. நிலத்தைப் பற்றிய பேச்சு இங்கே நேற்று முளைத்த பேச்சன்று.

இடைவெளியில் ஒரு நகரம்

திருமலை நகரை அறியாத வாசகர் ஒரு முறை மனக்கண்ணால் காண்க. கிழக்கே டச்சுக்குடாவும் திறந்த கடலும். மேற்கே உட்துறைமுகம். இவ்விரு நீருக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய நிலத்துண்டு. அதன்மேல் சந்தை, பேருந்து நிலையம், பத்திரகாளி அம்மன் கோயில், பள்ளிகள், கடைத்தெரு, கச்சேரி, நீதிமன்றம். வடகிழக்கே கோட்டை இராணுவத்திடம். தெற்கே கப்பற் பட்டறை கடற்படையிடம். குடாவைச் சுற்றிய நிலம் துறைமுக அதிகார சபையிடம். இவையெல்லாம் போக எஞ்சியதே மக்களின் நகரம்.

இப்பொழுது பெருங்கட்டடங்கள் எழுப்ப இடம் தேடுகிறவர் எங்கே தேடுவார்? முள்வேலிக்கு உள்ளே வெறிச்சோடிக் கிடக்கும் நிலத்தையா? அன்று. எஞ்சிய அந்த ஒடுங்கிய துண்டையே மேலும் பிழிய வருவார். சந்தைக் கடைக்காரனிடம் இடம் விடு என்பார். திருக்கடலூர் மீனவனிடம் வள்ளத்தை அப்பால் இழு என்பார். இருபது பேர்ச் வளவிலே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்திடம் உறுதியைக் காட்டு என்பார். நகரத்தில் இடநெருக்கடி என்று சொல்லுகிறவர்கள் அந்த நெருக்கடியை உண்டாக்கியவர் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஆகவே எமது முதற் கோரிக்கை ஒரு கட்டடக் கலைஞனிடமன்று, ஒரு நில அளவையாளனிடம். துறைமுக வட்டாரத்திலே தரைப்படை, கடற்படை, விமானப்படை, துறைமுக அதிகார சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை ஆகியவை வைத்திருக்கும் நிலம் ஒவ்வொன்றையும், அதன் பரப்பு, வரைபட இலக்கம், பெற்ற ஆண்டு, இன்றைய பயன்பாடு ஆகியவற்றோடு ஒரே பட்டியலாக வெளியிடுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எம் முதியோர் வாக்கு. அளந்து காட்ட மறுக்கிறவன் எதையோ மறைக்கிறான்.

சட்டம் யாருக்கு?

சட்டம் தெரியாதவர்கள் கூச்சலிடுகிறார்கள் என்று சொல்லுவது அதிகாரிகளின் வழக்கம். நல்லது, சட்டத்தையே பேசுவோம்.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை எடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பொதுத் தேவை என்னவென்று சொல்லாமலே எடுக்கலாமா? கூடாது என்று 2000ஆம் ஆண்டில் மானெல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன வழக்கிலே நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். இரண்டாம் பிரிவின் அறிவித்தலிலேயே தேவை இன்னதென்று வெளிப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எடுத்த நிலத்தைச் சொன்ன தேவைக்குப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால்? அந்த அதிகாரம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கப்பட்டதே என்று 1993இல் டி சில்வா எதிர் அத்துக்கோரள வழக்கு கூறிற்று. பொதுத் தேவைக்கென்று எடுத்துவிட்டுத் தனியார் இலாபத்துக்குக் கொடுத்தால்? பத்தரமுல்லையிலே அப்படி எடுத்த நிலம் கோல்ப் மைதானமும் விடுதியும் ஆன கதையை 2008இல் வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கிலே உயர் நீதிமன்றம் விசாரித்து, முன்னாள் சனாதிபதி ஒருவரையே பொறுப்பாளி ஆக்கிற்று. இவை தமிழ்க் கட்சி ஒன்றின் தீர்மானங்களல்ல. இந்நாட்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கள். பத்தரமுல்லைக்குப் பொருந்திய நீதி திருமலைக்குப் பொருந்தாதா?

அடுத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் ஒன்பதாம் பிரிவை எத்தனை பேர் படித்திருக்கின்றனர்? வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து லட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட எந்தத் திட்டத்தையும் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாகப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதுபற்றிய தகவலை அறிவிப்பது அமைச்சரின் கடமை என்கிறது அப்பிரிவு. அவசரத் திட்டங்களுக்கு மட்டுமே அக்காலம் சுருங்கும். மக்கள் விண்ணப்பித்துக் கெஞ்ச வேண்டியதில்லை. அமைச்சரே முன்வந்து சொல்ல வேண்டும். ஐந்து லட்சம் ரூபாவில் இன்று ஒரு மதிலைக் கூடக் கட்டி முடிக்க இயலாது. ஆகவே திருமலையில் எழும் அரசின் திட்டம் ஏறத்தாழ ஒவ்வொன்றும் இப்பிரிவுக்குள் அடங்கும். அப்படி உங்கள் ஊருக்கு எத்தனை அறிவித்தல் வந்தது? எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, மொழி. அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். நகரத் திட்டம் என்பது நிருவாகம் அன்றி வேறென்ன? தன் வீட்டின் மேலே கோடு இழுக்கப்பட்டிருப்பதைத் தன் மொழியிலே படித்தறிய இயலாதவனுக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

நாலாவது, அதிகாரம். பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலிலே எழுதிற்று. தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றையும் எழுதிற்று. ஆணைக்குழு இன்றுவரை பிறக்கவில்லை. அரச காணி அதிகாரம் மத்தியிடமே என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. எஞ்சிய மாகாண சபையாவது உண்டா? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. இவ்வரிகள் எழுதப்படும் வரை அதற்குத் தேர்தல் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சிலே முடிந்து, 2025 மே 6ஆம் நாள் தேர்தல் வரும் வரை இரண்டாண்டுக்கு மேலாக நகரத்தை அதிகாரிகளே ஆண்டனர். மக்களின் பிரதிநிதிகள் இல்லாத அந்த வெற்றிடத்தின் நடுவே, 2023இல், டில்லி ஆவணம் எழுதப்பட்டது. இனி மாநகர சபை இருக்கிறது. அதன் சம்மதம் பெறாத எந்தத் திட்டத்தையும் மக்களின் திட்டம் என்று அழைக்க நாம் உடன்படோம்.

ஓர் இரவில் எழுவன

கட்டட ஒழுங்கு என்று ஒன்று உண்டு. சாதாரணக் குடிமகன் தன் வீட்டு முன்புறம் ஒரு விறாந்தை இறக்குவதற்கும் வரைபடம் கொடுத்து, கட்டணம் செலுத்தி, அனுமதிக்காக மாதக்கணக்கில் படியேறி இறங்குகிறான். கடலோரமாயின் சட்டம் இன்னும் கடுமை. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அங்கே அபிவிருத்தி வேலை செய்ய உத்தரவுப் பத்திரம் வேண்டும். இரு நீருக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எமது நகரின் பெரும்பகுதி இவ்வலயத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் இதே நகரில், 2005 மே மாதத்தில் ஓர் இரவிலே பேருந்து நிலையத்தின் அருகே புத்தர் சிலை ஒன்று எழுந்தது. அதைத் தொடர்ந்து நகரம் கடையடைத்தது, கொந்தளித்தது. சிலை நின்றது. இருபது ஆண்டுக்குப் பின், 2025 நவம்பர் 16ஆம் நாள், கடற்கரையிலுள்ள விகாரை வளவில் அனுமதியின்றி வேலை நடக்கிறது என்ற முறைப்பாட்டின் நடுவே வைக்கப்பட்ட சிலையைப் பொலிசார் இரவிலே அகற்றினர். மறுநாளே அது பொலிஸ் காவலோடு திரும்ப வைக்கப்பட்டது. பாதுகாப்புக்காகவே அகற்றினோம் என்று பாராளுமன்றத்திலே அமைச்சர் விளக்கம் தந்தார்.

எமக்குப் புத்த பெருமானோடு பிணக்கில்லை. அவரை வணங்கும் ஏழைச் சிங்கள மீனவனோடும் பிணக்கில்லை. எமது பிணக்கு இரண்டு அளவுகோலோடு. விறாந்தைக்கு ஒரு சட்டம், சிலைக்கு ஒரு சட்டம், உல்லாச விடுதிக்கு ஒரு சட்டம் என்றிருக்கும் நகரிலே நகரத் திட்டம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. கோயிலாயினும், பள்ளிவாசலாயினும், தேவாலயமாயினும், விகாரையாயினும், கம்பனிக் கட்டடமாயினும் ஒரே படிவம், ஒரே கட்டணம், ஒரே காத்திருப்பு, ஒரே தண்டனை என்றிருக்கட்டும். அந்த நாளில் இந்நகரின் பாதிச் சச்சரவு தானே தீரும்.

வயலுக்கும் மாடிக்கும் உறவு

நகரத்துக் கட்டடம் பற்றிய பேச்சு எமக்கெதற்கு என்று வயலிலே நிற்கும் உழவர் நினைக்கலாம். நினைக்க வேண்டாம். நகரத்திலே மாடி எழும்பும்போது அதன் நிழல் முதலில் விழுவது வயலின் மேலேயே.

சம்பூரைப் பாருங்கள். 2006இல் போர் அம்மக்களைத் துரத்திற்று. அவர்கள் திரும்பி வருவதற்குள் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர், 2012இல், 818 ஏக்கர் கைத்தொழில் வலயமென வர்த்தமானியில் ஏறிற்று. வேறொரு பகுதி நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. அகதி முகாமிலே இருந்தவாறே அம்மக்கள் வழக்காடினர், போராடினர், சலுகைக்கு இணங்க மறுத்தனர். 2015 மே மாதத்தில் அந்த வர்த்தமானி நீக்கப்பட்டது, மக்கள் மீண்டனர். 2016இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. வர்த்தமானி என்பது தலையெழுத்தன்று; அழித்தெழுதக் கூடியது. அதைச் சம்பூர் மக்கள் எமக்குக் காட்டினர்.

இப்பொழுது முத்துநகரைப் பாருங்கள். 2025இல் அவ்வூர் விவசாயிகள், தாம் உழுது விதைத்த வயல் சூரிய மின்சக்தித் திட்டத்துக்காகக் கம்பனிகளிடம் கொடுக்கப்படுவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன்னே நாட்கணக்கில் அமர்ந்தனர். அது துறைமுக அதிகார சபையின் நிலம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட விடை. கப்பல் வராத வயலுக்குத் துறைமுகம் எப்படிச் சொந்தமாயிற்று? சூரிய ஒளிக்கு நாம் எதிரியல்லர். நெல் விளையும் மண்ணை விட்டு, விளையாத மண்ணிலே அந்தத் தகட்டை விரிக்கக் கூடாதா?

இத்தகைய நிலங்களிலிருந்து வெளியேற்ற அரசின் கையிலுள்ள வாள் எதுவென்பதை ஒவ்வொரு உழவரும் அறிந்திருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க, அரச காணியின் உடைமையை மீளப் பெறும் சட்டமே அது. அதன்கீழ் நீதவான் முன் அழைக்கப்படுகிறவர் நாற்பது ஆண்டு உழுதேன், என் தகப்பனார் கிணறு வெட்டினார் என்று சொல்லிப் பயனில்லை. அரசு கொடுத்த செல்லுபடியான உத்தரவுப் பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம் உண்டா என்பது ஒன்றே அங்கே கேள்வி. ஆகையால் பெட்டியின் அடியிலே கிடக்கும் பழைய தாள் ஒன்றையும் எறியாதீர்கள். உத்தரவுப் பத்திரம், அளிப்புப் பத்திரம், நீர்வரி ரசீது, கமநல சேவை நிலையத்துப் பதிவு, எதுவாயினும் படி எடுத்து வையுங்கள். காலம் கடந்த பத்திரமாயின் இன்றே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அழைப்பாணை வந்த பின் சட்டத்தரணியைத் தேடுகிறவனுக்குச் சட்டத்தரணியால் செய்யக்கூடியது சொற்பம்.

பிறர் கற்ற பாடம்

பெருங்கட்டடம் எழுந்தால் வாழ்வு தானே வந்துவிடும் என்போர் அம்பாந்தோட்டைக்குப் போய் வரட்டும். துறைமுகம் கட்டினார்கள்; மாநாட்டு மண்டபம் கட்டினார்கள்; 2013இல் மத்தளையிலே விமான நிலையம் திறந்தார்கள். விமானம் வரவில்லை. துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. கட்டடம் இருந்தது, கடன் இருந்தது, அங்குள்ள சிங்கள உழவனின் வாழ்வு அங்கேயே இருந்தது.

கொழும்புக்கும் போய் வரட்டும். 2010 மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியிலே வீடுகள் படையினரின் காவலோடு இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை அந்நாளிலே பாதுகாப்பு அமைச்சின்கீழ் இருந்தது. நகரத்தை அழகு செய்வதற்கும் படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு மண்வாரி இயந்திரம் விடை சொல்லிற்று.

யாழ்ப்பாணத்தையும் பார்க்கலாம். இந்திய நன்கொடையிலே பதினொரு மாடி கொண்ட பண்பாட்டு மையம் 2022இல் திறக்கப்பட்டது. அரிய கொடை, நன்றியோடு ஏற்கத்தக்கது. ஆனால் அதை யார் நடத்துவது, பராமரிப்புச் செலவை யார் சுமப்பது என்பது கட்டி முடிந்த பின்னரே பெரும் பேச்சாயிற்று. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்ற சொல்லே காணாமற் போயிற்றென்று மக்கள் முறையிட, அது மீண்டும் சேர்க்கப்பட்டது. ஊரைக் கேளாமல் கொடுத்தால் கொடைக்கும் இந்தக் கதி.

சிங்கப்பூரைப் போல் ஆக்குவோம் என்கிறார்கள். ஆக்குங்கள், ஆனால் முழுதாகப் படித்து ஆக்குங்கள். சிங்கப்பூர் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவித் தன் மக்களுக்கு வீடு கட்டிற்று. 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, பழைய கடைவீடுகளை இடிக்காமல் காத்தது. குடியிருப்போனுக்கு வீடு, பழைய தெருவுக்குக் காப்பு ஆகியவற்றைக் கப்பலேற்றாமல் கண்ணாடிக் கோபுரத்தை மட்டும் இறக்குமதி செய்வது சிங்கப்பூரைப் பின்பற்றுவதாகாது.

எத்தகைய நகரம் வேண்டும்?

எதையும் வேண்டாம் என்பதே இவர்கள் தொழில் என்று எம்மை ஏசுவாருமுளர். வேண்டியதைச் சொல்லுகிறோம்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அனலாய் வீசும் ஊர் இது. ஐப்பசி முதல் தை வரை வாடையோடு வானம் கொட்டும் ஊர். இந்த வெயிலுக்கும் மழைக்கும் எம் பாட்டன் கண்ட விடை அகன்ற விறாந்தையும், தாழ்ந்த ஓட்டுக் கூரையும், காற்று ஊடறுக்கும் முற்றமும். அதே விடையைப் புதிய அறிவோடு சேர்த்து உலகம் மெச்சும் கட்டடங்களாக்கியவர் இந்நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. மேற்கு வெயிலுக்கு எதிரே கண்ணாடிச் சுவரை நிறுத்திவிட்டு, உள்ளே குளிரூட்டி வைத்து மின்கட்டணம் கட்டுவது நவீனமன்று, அறியாமை. கடலுப்புக் காற்று கொங்கிறீற்றின் உள்ளே இரும்பைத் தின்னும் இக்கரையிலே, பராமரிக்கப் பணமில்லாத உயரத்தை எழுப்புவது எதிர்காலத்தின் இடிபாட்டை எழுப்புவதே.

டச்சுக்குடாக் கரையில் நிற்கும் எவரும் சுவாமிமலையைத் தடையின்றிக் காண வேண்டும். அதை மறைக்கும் உயரம் எக்கம்பனிக்கும் கூடாது. மீனவனின் கரைவலைப் பாட்டையும் வள்ளம் ஏற்றும் இடத்தையும் வரைபடத்திலே முதலில் குறித்துவிட்டு, அதன் பின்னரே விடுதிக்கு இடம் தேட வேண்டும். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி உழவர் மூட்டையை இறக்கி, நிழலில் அமர்ந்து, தரகனின்றி விற்கத்தக்க சந்தை வேண்டும். மேல்மாடியிலே வாடகைக் கடை, கீழே உழவனுக்கு வெயில் என்ற சந்தை வேண்டாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2025 நவம்பரிலே டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்திலே, வாய்க்காலை மூடிக் கட்டடம் எழுப்புகிறவன் குற்றவாளியாக நடத்தப்பட வேண்டும். இவற்றுக்கு மேல் எத்தனை மாடி வேண்டுமோ கட்டுங்கள். நாமே வந்து கால்கோள் விழாவில் நிற்போம்.

எமது கோரிக்கை, எமது கடமை

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை ஐந்து.

ஒன்று, துறைமுக வட்டாரத்து அரச நிலம் முழுவதன் பட்டியலும் வரைபடமும் வெளியிடப்பட வேண்டும்.

இரண்டு, திருகோணமலைக்கென வரையப்பட்ட ஒவ்வொரு திட்டமும் தமிழிலும் சிங்களத்திலும் மாநகர சபையிலும் எல்லாப் பிரதேச செயலகங்களிலும் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபங்கள் பகிரங்கமாக விசாரிக்கப்பட வேண்டும்.

மூன்று, படையினரும் அதிகார சபைகளும் பயன்படுத்தாது வைத்திருக்கும் நிலம் முதலில் உரிமையாளருக்கும், அடுத்து நகரத்தின் வீட்டுத் தேவைக்கும் திரும்ப வேண்டும்.

நாலு, பயிர்ச்செய்கை நடக்கும் எந்த நிலமும் உழவரை விசாரியாமலும் மாற்று நிலம் தராமலும் எக்கம்பனிக்கும் குத்தகையாகக் கூடாது.

ஐந்து, மாநகர சபையின் சம்மதமின்றி நகர நடுவே எப்பெருங்கட்டடமும் எழக்கூடாது. அனுமதிச் சட்டம் அனைவருக்கும் ஒன்றாதல் வேண்டும்.

கேட்டுவிட்டு வீட்டிலே இருந்தால் கிடைக்காது. பொறியியலாளரே, கட்டடக் கலைஞரே, நில அளவையாளரே! வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள். அதைப் படித்து, பாமர மக்களுக்குப் புரியும் தமிழிலே எழுதித் தாருங்கள். சட்டத்தரணிகளே! ஒன்பதாம் பிரிவின் கீழ் ஒவ்வோர் அமைச்சையும் கேள்வி கேளுங்கள். விடை வராவிடில் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யுங்கள். உழவரே! உங்கள் பத்திரங்களைத் திரட்டுங்கள்; ஊருக்கு ஒரு காணிக் குழு அமையுங்கள். தமிழனும் முஸ்லிமும் தனித்தனியே நின்றால் தனித்தனியே பெயர்க்கப்படுவோம். தமிழ் பேசும் மக்களாகச் சேர்ந்து நிற்போம். நிலமிழந்த சிங்கள உழவன் வந்தால் அவனுக்கும் பக்கத்திலே இடம் கொடுப்போம்.

எம் கோயிற் கல்லை எடுத்துக் கோட்டை கட்டியபோது எம்மை எவரும் கேட்கவில்லை. கேட்கும்படி செய்யும் வலிமை அன்று எமக்கு இருக்கவில்லை. இன்று சட்டம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, சம்பூரின் வெற்றி இருக்கிறது. இனி இந்நகரில் வைக்கப்படும் ஒவ்வொரு அத்திவாரக் கல்லும் எம்மைக் கேட்டே வைக்கப்பட வேண்டும். கேளாது வைக்கப்படும் கல்லை நீதிமன்றத்திலும், வீதியிலும், வாக்குச் சாவடியிலும் நாம் கேள்வி கேட்போம்!